பழைய பைக் இப்போதா, புது பைக் பிறகா?

வேலைக்குப் போக வண்டி அவசியம் என்றால், புது பைக்குக்குப் பணம் சேரும்வரை காத்திருப்பதைவிட, நல்ல நிலையிலுள்ள பழைய 100 சிசி வண்டியை இப்போதே வாங்குவதுதான் லாபம். காத்திருப்பதற்கும் செலவு உண்டு. பஸ், ஷேர் ஆட்டோவுக்கு நாளுக்கு 120 ரூபாய் என்று வையுங்கள். 25 நாளுக்கு 3,000 ரூபாய். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியில் தினம் 25 கிலோமீட்டர் ஓட்டினால், பெட்ரோல் 102 ரூபாய் விற்றாலும் மாதம் 1,300 ரூபாய்க்குள் முடியும். மிச்சத்தில் சர்வீஸ், இன்சூரன்ஸ் போக மீதியைப் புது வண்டிக்குச் சேர்க்கலாம்.

பழைய வண்டி மெக்கானிக் கடையிலேயே கிடக்குமே என்பார்கள். அது கோளாறைப் பொறுத்தது. செயின், டயர், கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள். சைலன்சரில் நீலப்புகை நிற்காமல் வந்தால் உள்ளே ஆயில் எரிகிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானதே. தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஏபிஎஸ் உள்ள வண்டிக்குக் காத்திருக்கலாம். மற்றவர்கள் ஆர்.சி.யில் 15 ஆண்டுப் பதிவு எப்போது முடிகிறது, வண்டிமேல் கடன் இருக்கிறதா என்று பார்த்து, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தான பிறகு முழுப்பணத்தையும் கொடுங்கள்.