பாலை நிறுத்தாதே

குன்னூர்

அன்புள்ள மகனுக்கு, சித்தப்பா எழுதுவது.

அப்பாவின் எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்தேன். மகாதமனி வால்வில் கால்சியம் படிந்து, வழி குறுகியிருக்கிறது. அன்றிலிருந்தே பாலையும் கேழ்வரகுக் களியையும் நீ நிறுத்திவிட்டாயென்று அண்ணி வருத்தப்பட்டார்கள். அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

முதலில் பாலைக் கொடு. வெந்நீர்ப் பானையில் உப்பு படிகிற மாதிரிதான் இதுவும் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. வால்வின் இதழ் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. அதில் எங்கே காயம் பட்டுக் கொழுப்பு இறங்குகிறதோ, அங்கே உள்ளிருக்கும் செல்களே எலும்பு கட்டத் தொடங்கிவிடும். ஆகவே காயம் எதனால் வந்தது என்று டாக்டரிடம் கேள்.

வயது ஒரு காரணம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, அப்பா விடாத பீடி எல்லாம் அதற்குக் கூட்டு. சிறுநீரகம் கெட்டாலும் படியும். அப்போது மட்டும் டாக்டர் சொல்கிற பத்தியம் வேறு. நூற்றில் ஒருவர் இருவருக்கு மூன்று இதழ் இருக்கவேண்டிய வால்வு பிறவியிலேயே இரண்டாக இருக்கும். அது சீக்கிரம் தேயும். அப்பாவுக்கு அப்படியென்றால் நீயும் ஒரு எக்கோ எடுத்துக்கொள்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. பன்னிரண்டு வயதில் அப்பா தொண்டை வலியோடு படுத்தார். சில வாரத்தில் முழங்கால் வீங்கி, ஒரு மாதம் எழவில்லை. அது வாதக் காய்ச்சல் என்று பிற்பாடு தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரியில் வேலை பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. எழுபதுகளில் இலங்கையிலிருந்து அங்கே வந்த தொழிலாளர் குடும்பங்கள் லைன் வீட்டில் ஓர் அறைக்கு ஏழெட்டுப் பேர். ஒரு பிள்ளை இருமினால் எல்லாருக்கும் தொண்டை கட்டும். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். அப்படி அனுப்பிய ஒரு சிறுமியை, மூட்டு வீங்கி நடக்க முடியாமல், அவள் அம்மா கொழுந்துக் கூடை மாதிரி முதுகில் தூக்கி வந்தபோதுதான் என் தப்பு தெரிந்தது. மூட்டு வீக்கம் வடிந்துவிடும். வால்வில் வடு தங்கிவிடும். இதை டாக்டரிடம் சொல். மைட்ரல் என்கிற இன்னொரு வால்வையும் பார்க்கச் சொல். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் அதைத்தான் பிடிக்கும்.

போன மாதம் அப்பா இங்கே வந்திருந்தார். ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும்போது ஒவ்வொரு சில்வர் ஓக் மரத்தடியிலும் நின்று, "இந்த வருஷம் கொழுந்துக்கு என்ன விலை?" என்று கேட்டார். விலை அவருக்குத் தெரியும். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அந்தப் பேச்சு. இளைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் எதையும் வயசு என்று தள்ளாதே. மூன்று நான்கு சதுர சென்டிமீட்டர் இருக்கவேண்டிய வழி ஒன்றுக்கும் கீழே போனால் கடுமை என்பார்கள். படிந்ததைக் கரைக்க மருந்தில்லை. வால்வை மாற்றலாம், நெஞ்சைத் திறந்தோ தொடை ரத்தக் குழாய் வழியாகவோ. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் தானே செய்த வால்வை 1990லேயே பொருத்திவிட்டது. பயப்படாதே, நாள் கடத்தாதே.

பேத்திக்குத் தொண்டை வலி என்றால் கொப்பளிக்கச் சொல்லி விட்டுவிடாதே, டாக்டரிடம் காட்டு.

அன்புடன்,
சித்தப்பா