மனை வாங்கும் முன் நிலப்படம் படியுங்கள்

திருப்பதியிலும் சித்தூரிலும் குடியேறிய நம்மவர் பலர் இப்போது மனை வாங்கி வீடு கட்டுகின்றனர். பத்திரம் பார்க்கிறோம், வில்லங்கம் பார்க்கிறோம். பழைய நிலப்படத்தைப் பார்ப்பதில்லை. ரயில்வேயில் பாலம், பாதை வேலைகளைக் கவனித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதைப் படிக்கும் வழியைச் சொல்கிறேன்.

1767-ல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறை, நாட்டைக் கட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்துள்ளது. நம் பகுதி 57 ஓ. அதற்குள் 16 தாள்கள். சித்தூர் நகரம் 57 ஓ/4, திருப்பதி நகரம் 57 ஓ/6. பழைய தாள்களில் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். மெட்ரிக் முறை வந்த பின் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர்.

பழுப்புக் கோடுகள் சம உயரக் கோடுகள். திருமலைச் சரிவில் அவை நெருங்கி நிற்கும். சமவெளியில் விலகி நிற்கும். மலையில் பெய்த மழை எந்தப் பக்கம் இறங்கும் என்பதை இவை காட்டும். ஒரு பாலத்துக்கு எத்தனை கண் வைப்பது என்று தீர்மானிக்க, இந்தத் தாளில்தான் நீர்ப்பிடிப்புப் பரப்பை அளப்போம்.

ஓர் எச்சரிக்கை. நீல நிறம் இல்லையென்றால் தண்ணீர் வராது என்று எண்ணாதீர்கள். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடையையும் ஏரியையும் கறுப்புக் கோட்டால் வரைவது வழக்கம். ஊர்ப் பெயரையும் கவனியுங்கள். தெலுங்கில் 'செருவு' என்றால் ஏரி, 'குண்ட' என்றால் குட்டை, 'வங்க' என்றால் ஓடை.

திருப்பதிப் புறநகரில் என் மைத்துனர் மனை வாங்கியபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நானே. 2021 நவம்பர் பெருமழையில் அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதன் பிறகே பழைய தாளின் நகலைத் தேடி விரித்தேன். வீடு இருந்த இடத்தில் ஒரு சிற்றேரியின் கரை கறுப்பாக, தெளிவாக இருந்தது. ஊரார் பாலத்துக்கெல்லாம் படம் பார்த்தவன், சொந்த வீட்டுக்குப் பார்க்கவில்லை.

2005-ஆம் ஆண்டு நிலப்படக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென்றே தனி வரிசைத் தாள்கள் வருகின்றன. அவற்றின் எண் முறை வேறு. அதையும் பழைய தாளையும், வருவாய் அலுவலகத்தின் கிராம வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் இதற்குச் செலவிடுங்கள். ஏரியைத் தூர்த்து மனையாக்கலாம். மழைக்குப் பழைய வழி மறப்பதில்லை.