ஆயிரம் செயலிகள் இருந்தால் போதுமா?

புயலின் பாதையைக் கணிக்க, ஒரே செயலி கொண்ட கணிப்பொறிக்குப் பத்து மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். விடை தாமதித்தால் பயனில்லை. ஆயிரம் செயலிகள் கொண்ட மீக்கணிப்பொறியிடம் கொடுத்தால் ஆயிரம் மடங்கு விரைவாக முடியுமா?

முடியாது. அக்கணக்கில் ஒரு மணி நேர வேலை ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யவேண்டியது எனில், மீதி ஒன்பது மணி நேர வேலையை மட்டுமே பங்கிடலாம். அது சுமார் 32 விநாடியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு மணி குறையாது. ஆகவே வேகம் பத்து மடங்கை எட்டாது. 1967-ல் ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்கக் கணிப்பொறி வடிவமைப்பாளர் இவ்வரம்பைச் சுட்டிக் காட்டினார்.

அந்த ஒரு மணி வேலையிலும் பாதியைப் பங்கிட ஆராய்ச்சியாளர் வழி கண்டால், அதே பொறி ஏறக்குறைய இருபது மடங்கு வேகம் தரும்! 1991-ல் புனேயில் உருவான ‘பரம் 8000’ மீக்கணிப்பொறியும் பல செயலிகள் இணைந்து உழைத்ததே. பொறி மட்டும் போதாது, மாணவர்களே. கணக்கைப் பங்கிடும் முறையையும் பயில வேண்டும்.