ஓடியது உண்மை, ஆவணம் எங்கே?

கேள்வி: கொள்கை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊரான திருப்பூருக்கே திரும்பிவிட்டேன். வயது 63. தினமும் விடியற்காலையில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன். பனியன் தொழிலின் வரலாற்றை எழுத ஆசை. இந்த வயதில் முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், அனுப்பர்பாளையம்

பதில்: தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரி. தமிழ்த் திரை வரலாற்றின் முன்னோடி நூலை 1981-ல், வேலையில் இருந்துகொண்டே வெளியிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் பேனாவை மூடவில்லை. உங்களுக்கோ முழுநாளும் கையில் இருக்கிறது. தாராளமாகத் தொடங்குங்கள்.

ஆனால் அறிக்கை எழுதிய பழக்கத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். அறிக்கைக்கு 'தொழிலாளர்' என்ற ஒரு சொல் போதும். வரலாற்றுக்கு கட்டிங் மாஸ்டர், பவர்டேபிள் டெய்லர், செக்கிங் அக்கா என ஆள் ஆளாக வேண்டும்.

முதலில் ஆட்களைப் பிடியுங்கள். 1978-ல் இத்தாலிக்கு முதல் சரக்கு போனபோது இருபது வயதில் தைத்தவர்கள் இன்று எழுபதை நெருங்குகிறார்கள். முதலாளிகளைக் கேட்டால் 'எல்லாம் உழைப்பு' என்பார்கள். ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட திருப்பூர் ஆய்வு நூல் அந்தச் சொல்லையே உரித்துப் பார்க்கிறது. அதைப் படித்துவிட்டுப் போங்கள். அதே கம்பெனியில் பிசிறு வெட்டிய பெண்ணையும் கேளுங்கள். கதை வேறாக இருக்கும்.

அடுத்து காகிதம். சனிக்கிழமைச் சம்பள நோட்டு, ஜாப் ஒர்க் பில், 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நீதிமன்ற உத்தரவின் நகல்: எதுவானாலும் பழைய பேப்பர் கடைக்குப் போகும் முன் படம் எடுத்துவிடுங்கள்.

ஓட்டத்தை விட வேண்டாம். தூரத்தைக் கூட்டுவதானால் மட்டும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஃபௌஜா சிங் 89 வயதில் முதல் மாரத்தான் ஓடினார். 2011-ல் டொரண்டோவில், நூறு வயதில், 42 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அதை ஏற்கவில்லை. ஊரே பார்க்க ஓடியவருக்கே அந்தக் கதி. ஆகவே ஒவ்வொரு பேட்டியின் தலைப்பிலும் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதிவிட்டுத்தான் முதல் கேள்வியைக் கேளுங்கள்.