ஒட்டுவதற்கு முன் ஒரு கேள்வி

நாமக்கல்

அன்புள்ள தம்பிக்கு,

வண்டியின் சைடு பேனலை மாட்டும் காது உடைந்ததையும், பசை போட்டு ஒட்டியும் நிற்காததையும் எழுதியிருந்தாய். புதுசு வாங்க வேண்டாம், வீட்டிலேயே சரிசெய்யலாம். ஆனால் பசையைத் தேடும் முன் அந்த பேனல் எந்த பிளாஸ்டிக் என்று பார். நம் ஊர் லாரிப் பட்டறைகளிலும் எந்த உலோகம் என்று தெரியாமல் வெல்டிங் ராடை எடுக்கமாட்டார்கள்.

பேனலின் உள்பக்கம் ஏபிஎஸ் அல்லது பிபி என்ற எழுத்துகள் பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு துணுக்கைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடு. பிபி மேலே வந்து மிதக்கும்; ஏபிஎஸ் அடியிலேயே கிடக்கும். மூழ்கிய துணுக்கின் மேல் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுப் பார். மேற்பரப்பு இளகிப் பிசுபிசுத்தால் ஏபிஎஸ் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஏபிஎஸ் என்றால் வேலை எளிது. மெக்கானிக்கிடம் உடைந்த ஏபிஎஸ் பேனல் துண்டு ஒன்று கேட்டு வாங்கு. பொடியாக நறுக்கி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி ஓர் இரவு ஊறவை. காலையில் தேன் பதத்தில் குழம்பாக இருக்கும். பேனலைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவை. விரிசல் இருந்தால் அது முடியும் இடத்தில் சிறு துளை போடு. அதற்கு மேல் ஓடாது. உடைந்த ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, குழம்பைத் தடவிச் சேர்த்துக் கட்டு. காய்ந்ததும் உள்பக்கம் பழைய எவர்சில்வர் டீ வடிகட்டியின் வலைத் துண்டை வைத்து, அதன் மேலும் குழம்பைப் பூசு. ஒருநாள் முழுக்கத் தொடாதே. அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு ஓரங்களையும் ஒன்றாக்குகிறது. அது ஆவியாகிப் போன பிறகுதான் இணைப்பு இறுகும்.

பிபி அசிட்டோனில் கரையாது. சாதாரணப் பசையும் அதில் பிடிக்காது. சால்டரிங் அயனால் ஓரங்களை இளக்கி, அதே பிபி துண்டை உருக்கி நிரப்பு. ஏறக்குறைய 160 டிகிரியில் உருகும். புகை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான திண்ணையில் வைத்து வேலை செய். சால்டரிங் அயன் சூடாக இருக்கும்போது அந்தப் புட்டி பக்கத்தில் இருக்கவே கூடாது.

காது ஏன் உடைந்தது என்றும் பார். அதிலுள்ள ரப்பர் புஷ் வெயிலில் காய்ந்து இறுகியிருந்தாலோ கழன்று விழுந்திருந்தாலோ, எஞ்சின் அதிர்வு முழுவதையும் பிளாஸ்டிக்கே தாங்கும். புது புஷ் சில ரூபாய்தான். அதைப் போடாமல் ஒட்டினால் மறுபடியும் உடையும்.

இந்தக் கைவேலையை பேனலோடு நிறுத்திக்கொள். பிரேக் லீவர், ஃபோர்க், ரிம், ஃபுட்ரெஸ்ட் இவற்றில் எது உடைந்தாலும் புதுசுதான் போட வேண்டும். ஒட்டவைத்த பிரேக் லீவர் நிறுத்திவைத்த வண்டியில் நன்றாகத்தான் இருக்கும். லாரிக்குப் பின்னால் இறுக்கிப் பிடிக்கும் நேரத்தில் முறியும். அங்கே மிச்சம் பிடிக்காதே. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், இது மறுபடி உடைந்தால் யாருக்கு அடிபடும் என்று கேள். யாருக்கும் இல்லை என்றால் தைரியமாகச் செய்.

அன்புடன்,
மாமா