புளோரிடாவில் ஒரு துருவக் குளிர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்குக் கோடியில் உள்ளது புளோரிடா மாநிலம். ஆரஞ்சுத் தோட்டங்களுக்கும் கடற்கரை வெயிலுக்கும் பெயர் பெற்ற இடம். அம்மாநிலத்தின் எக்லின் விமானப்படைத் தளத்தில் மிகப் பெரிய கட்டிடம் ஒன்று இருக்கிறது. கோடைக் காலத்தில் வெளியே வேலை செய்வோர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் கட்டிடத்தின் உள்ளே வேலை செய்வோர், துருவப் பிரதேசத்தில் அணியும் தடித்த உடையும் கையுறையும் அணிந்திருப்பார்கள். வெளியே 33 டிகிரி சென்டிகிரேடு; சுவருக்கு அப்பால் பூஜ்யத்துக்குக் கீழே 54 டிகிரி! அந்தக் கடுங்குளிரில் ஒரு முழு ஆகாய விமானம் நிற்கிறது. அதன் எஞ்சின் இயங்குமா, இயங்காதா என்பதை அறியவே இத்தனை ஏற்பாடும்.

இதுதான் மக்கின்லி தட்பவெப்பச் சோதனைக்கூடம். கருவிகளைப் பயன்படுத்துமுன் அவற்றைச் செயற்கை வானிலையில் வாட்டி எடுக்கும் இடம். இக்கட்டுரையில் வெப்பநிலைகள் யாவும் சென்டிகிரேடு அளவிலேயே தரப்பட்டுள்ளன.

ஏன் இந்த ஏற்பாடு?

1941ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மன் படை மாஸ்கோ நகரை நெருங்கியது. அப்போது ரஷ்யாவின் குளிர்காலம் குறுக்கிட்டது. வாகனங்களின் எஞ்சின்கள் கிளம்ப மறுத்தன. எஞ்சினுக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்ற வேண்டியதாயிற்று. துப்பாக்கிகளில் பூசியிருந்த கிரீஸ் இறுகி, அவற்றின் இயக்கம் தடைப்பட்டது. போதிய கம்பளி உடையின்றிப் பல்லாயிரக்கணக்கான வீரர்கள் பனிக்கடியால் விரல்களையும் கால்களையும் இழந்தனர். மிதமான தட்பவெப்பத்துக்கென அமைக்கப்பட்ட கருவி, கடுங்குளிரில் வெறும் இரும்புப் பாரமாகிவிடும் என்பதை உலகம் கண்டது.

அமெரிக்க விமானப் படையினர் இதை முன்னரே ஓரளவு எண்ணிப் பார்த்திருந்தனர். 1940இல் அலாஸ்காவில் உள்ள லாட் தளத்தைக் குளிர்ச் சோதனைக்காகத் தேர்ந்தெடுத்தனர். ஆனால் அதில் ஒரு தொல்லை இருந்தது. இயற்கை நம் சொற்படி நடப்பதில்லை. −50 டிகிரி வேண்டுமென்று விமானத்தை நிறுத்தி வைத்தால், அந்த வாரம் −20 டிகிரியோடு நின்றுவிடும். வேண்டிய குளிர் வந்தாலும் அது எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்று சொல்ல இயலாது. ஒரே சோதனையை அதே நிலைமையில் மீண்டும் செய்து பார்ப்பது மிகக் கடினம். மீண்டும் செய்து பார்க்க முடியாத சோதனையை விஞ்ஞானம் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை அல்லவா?

இதற்கு ஒரு வழி கூறியவர் ஆஷ்லி மக்கின்லி என்ற அதிகாரி. இவர் 1929இல் ரிச்சர்ட் பேர்டு தென் துருவத்தின் மேல் விமானத்தில் பறந்தபோது, உடன் சென்ற புகைப்படக்காரர். குளிர் எத்தகையது என்பதை நேரில் உணர்ந்தவர். 'குளிரைத் தேடி விமானத்தை அனுப்புவானேன்? விமானம் நிற்கும் கொட்டகையையே குளிர்ப்பெட்டி ஆக்கிவிட்டால் என்ன?' என்பதே அவரது யோசனையின் சாரம். 1944இல் கட்டிட வேலை தொடங்கியது. 1947 மே மாதத்தில் முதல் சோதனைகள் நடைபெற்றன. பி-29 குண்டுவீச்சு விமானம், 'மஸ்டாங்' போர் விமானம், பி-80 ஜெட் விமானம் முதலியவை அதில் இடம் பெற்றன. 1971இல் சோதனைக்கூடத்துக்கு மக்கின்லியின் பெயரே சூட்டப்பட்டது.

குளிர் பொருள்களை என்ன செய்கிறது?

வெல்லப் பாகு சூடாக இருக்கும்போது நீர்போல் ஓடுகிறது. ஆறியதும் கரண்டியை விட்டு இறங்க மறுக்கிறது. ஒரு திரவம் ஓடுவதை எதிர்க்கும் இப்பண்புக்குப் பாகுத்தன்மை என்று பெயர். வெப்பநிலை குறையக் குறைய எண்ணெய்களின் பாகுத்தன்மை மிகுகிறது. கடுங்குளிரில் எஞ்சின் எண்ணெய் கூழ்போல் ஆகிவிடும். அப்போது எஞ்சினைச் சுழற்றுவதற்கே பெரும் விசை தேவை. ஆனால் அவ்விசையைத் தரவேண்டிய பாட்டரியின் நிலை என்ன? பாட்டரியில் மின்சாரம் உண்டாவது இரசாயன மாற்றத்தினால். குளிரில் இரசாயன மாற்றங்கள் மெதுவாகவே நிகழும். ஆகவே, அதிக ஆற்றல் தேவைப்படும் அதே வேளையில் பாட்டரி குறைந்த ஆற்றலைத்தான் தருகிறது. இன்னும் ஒன்று. நன்கு மின்னேற்றம் பெற்ற காரீய-அமில பாட்டரியின் அமிலம் −50 டிகிரியிலும் உறைவதில்லை. மின்னிறக்கம் அடைந்த பாட்டரியிலோ அமிலம் நீர்த்துப்போவதால் −7 டிகிரி அளவிலேயே உறைந்து, பாட்டரியையே பிளந்துவிடும்.

அடுத்தது, உலோகங்கள் சுருங்குதல். வெவ்வேறு உலோகங்கள் வெவ்வேறு அளவில் சுருங்குவதில்தான் அபாயம். 10 மீட்டர் நீளமுள்ள அலுமினியக் கம்பி ஒன்றையும், அதே நீளமுள்ள எஃகுக் கம்பி ஒன்றையும் 74 டிகிரியிலிருந்து −54 டிகிரிக்குக் குளிர்விப்போம். வெப்பநிலை வேறுபாடு 128 டிகிரி. அலுமினியத்தின் நீள்விரிவுக் குணகம் 0.000023, எஃகுக்கு 0.000012. பெருக்கிப் பார்த்தால் அலுமினியம் சுமார் 29 மில்லிமீட்டரும், எஃகு சுமார் 15 மில்லிமீட்டரும் குறுகியிருக்கும். இரண்டும் இறுக இணைக்கப்பட்டிருந்தால் இந்த 14 மில்லிமீட்டர் வேறுபாடு எங்கே போவது? வளையும், அல்லது முறியும். அலுமினியக் கூட்டுக்குள் சுழலும் எஃகுத் தாங்கி, குளிரில் நெரிபடுவதும் இதனால்தான்.

மூன்றாவது, நொறுங்கும் தன்மை. சாதாரண வெப்பநிலையில் வளைந்துகொடுக்கும் சில வகை எஃகு, குளிரில் கண்ணாடிபோல் விரிசல் விடும். 1943 ஜனவரியில் 'ஸ்கெனெக்டடி' என்ற புதிய அமெரிக்க எண்ணெய்க் கப்பல், அலையில்லாத துறைமுகத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே நடுவில் ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. பற்றவைப்பிலிருந்த குறையுடன், எஃகின் தரமும் குளிரும் சேர்ந்து செய்த வேலை அது. ரப்பரும் அவ்வாறே. குளிரில் தன் நெகிழ்வை இழந்து விறைத்துவிடும். விறைத்த ரப்பர் வளையம் இடைவெளியை அடைக்காது, எண்ணெய் கசியும்.

கூடத்தின் அமைப்பு

தலைமைக் கூடத்தின் அகலம் 252 அடி. ஆழம் 260 அடி. நடுவில் உயரம் 70 அடி. பெரிய போக்குவரத்து விமானத்தையும் உள்ளே நிறுத்தலாம். −54 டிகிரியிலிருந்து 74 டிகிரி வரை எந்த வெப்பநிலையையும் உண்டாக்கலாம். குளிர் வெளியே போகாதபடி சுவர்களிலும் கூரையிலும் கண்ணாடி நாரினாலான தடித்த காப்புப் பொருள் பொதியப்பட்டுள்ளது. குளிர்விக்கும் முறை உங்கள் ஊர்க் கடையில் உள்ள குளிர்சாதனப் பெட்டியின் முறையே. ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தைக் கவர்கிறது. அந்த ஆவியை அழுத்தித் திரவமாக்கும்போது, கவர்ந்த வெப்பம் வெளியே விடப்படுகிறது. அளவில் மட்டுமே வேறுபாடு.

ஆனால் குளிர்சாதனப் பெட்டிக்கு இல்லாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. ஜெட் எஞ்சின் காற்றை உறிஞ்சி, எரித்து, பின்னால் வெளியேற்றுவது. கூடத்தின் கொள்ளளவு சுமார் 93,000 கனமீட்டர். −54 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.6 கிலோகிராம். ஆகவே உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஏறத்தாழ 1,50,000 கிலோகிராம். எஞ்சின் ஒன்று வினாடிக்கு 100 கிலோகிராம் காற்றை உறிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். 1,500 வினாடிகளில், அதாவது 25 நிமிடங்களில், கூடத்திலுள்ள காற்று அத்தனையும் தீர்ந்துவிடும்! அதற்கு வெகு முன்பே உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று சுவர்களை நெருக்கத் தொடங்கும். வெளிக்காற்றை அப்படியே உள்ளே விடலாமா என்றால், புளோரிடாவின் ஈரக் காற்று உள்ளே வந்ததும் மூடுபனியாகிவிடும். எனவே எஞ்சின் உறிஞ்சும் அளவுக்குச் சமமான வெளிக்காற்றை முன்கூட்டியே உலர்த்தி, உறைகுளிராக்கி உள்ளே செலுத்துகிறார்கள். எஞ்சினின் புகை குழாய் வழியே வெளியே கொண்டு போகப்படுகிறது.

சோதனை நடைபெறும் விதம்

கூடத்தின் காற்று −40 டிகிரியை அடைந்துவிட்டது என்பதால் விமானமும் −40 டிகிரியை அடைந்துவிட்டதாகப் பொருளன்று. கனத்த உலோகப் பாகங்களும் தொட்டியிலுள்ள எரிபொருளும் மெதுவாகவே குளிரும். ஊறுகாய்க்கு உப்பு உள்ளே இறங்கக் காத்திருப்பதுபோல, குளிர் விமானத்தின் உள்ளிடம்வரை இறங்கப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல இடங்களில் பொருத்திய வெப்ப உணர்விகள் எல்லாம் ஒரே அளவைக் காட்டிய பிறகே சோதனை தொடங்கும்.

பிறகு எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பார்கள். சக்கரங்கள் மடங்குகின்றனவா, கதவுகள் மூடுகின்றனவா, எண்ணெய் கசிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனிப்பார்கள். தடித்த கையுறை அணிந்த கையால் ஒரு சிறிய திருகைத் திருப்ப முடிகிறதா என்பதும் சோதனையில் அடங்கும். கருவி நன்றாக இருந்து, அதைத் தொடும் மனிதனால் இயக்க முடியாவிட்டால் என்ன பயன்?

2014 செப்டம்பரில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள், எஃப்-35 என்ற போர் விமானம் இங்கே சோதிக்கப்பட்டது. −40 டிகிரி குளிர், சுமார் 49 டிகிரி வெப்பம், மழை, மூடுபனி, பனிப்பொழிவு, இறக்கையில் பனிக்கட்டி படிதல் ஆகிய யாவற்றையும் அது ஒரே கூரையின்கீழ் சந்தித்தது. எஞ்சினை முழு வேகத்தில் இயக்கும்போது விமானம் நகர்ந்துவிடாதபடி அதை உறுதியாகப் பிணைத்திருந்தார்கள்.

வெயில், மழை, உப்பு, பூஞ்சணம்

குளிர் மட்டுமே பகையன்று. வெப்பம் மிகுந்தால் காற்று அடர்த்தி குறையும். 15 டிகிரியிலுள்ள காற்றைவிட 50 டிகிரியிலுள்ள காற்று சுமார் 11 சதவீதம் அடர்த்தி குறைந்தது. இதனால் இறக்கைக்கு ஏந்துவிசையும், எஞ்சினுக்கு உந்துவிசையும் குறைகின்றன. இந்த இடத்தில் ஓர் ஐயம் எழலாம். பூமியில் எங்குமே காற்று 74 டிகிரியை எட்டுவதில்லையே, அவ்வளவு வெப்பம் எதற்கு? வெயிலில் நிறுத்திப் பூட்டிய வண்டியின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். மூடிய இடமும் வெயில் படும் பரப்பும், சுற்றியுள்ள காற்றைவிட மிகவும் சூடேறும்.

இராணுவக் கருவிகளை எவ்வாறு சோதிப்பது என்பதற்காக அமெரிக்காவில் 1962இல் ஒரு விதித்தொகுப்பு வெளியிடப்பட்டது. 'மில்-ஸ்டாண்டர்டு 810' என்பது அதன் பெயர். பலமுறை திருத்தப்பட்ட அத்தொகுப்பில் விளக்குகளால் செயற்கை வெயில் காய்ச்சும் முறை உண்டு. சதுர மீட்டருக்கு 1,120 வாட் வரை. கடற்காற்றுக்கு ஈடாக 5 சதவீத உப்புக் கரைசலை மூடுபனியாகத் தெளிக்கும் முறை உண்டு. பூஞ்சண வித்துகளைக் கருவியின்மேல் தூவி, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள அறையில் 28 நாள்கள் வைத்துப் பார்ப்பதும் உண்டு. புழுதி, மணல், அதிர்வு ஆகியவற்றுக்கும் தனித்தனி முறைகள் இருக்கின்றன.

எச்சரிக்கையைப் புறக்கணித்தால்

சோதனையின் எல்லையைத் தாண்டினால் என்ன நேரும் என்பதற்கு இராணுவத்துக்கு வெளியே ஒரு துயர உதாரணம் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று 'சாலஞ்சர்' விண்வெளி ஓடம் இதே புளோரிடாவிலிருந்து ஏவப்பட்டது. அன்று காற்றின் வெப்பநிலை சுமார் 2 டிகிரி. அதற்குமுன் நடந்த ஏவுதல்களில் ராக்கெட்டின் இணைப்புகள் சுமார் 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்ததில்லை. இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் அக்குளிரில் சரியாக அடைக்குமா என்று பொறியியலாளர்கள் முதல் நாள் இரவே எச்சரித்தனர். எச்சரிக்கை ஏற்கப்படவில்லை. 73 வினாடிகளில் ஓடம் சிதைந்து, எழுவர் உயிரிழந்தனர். பின்னர் நடந்த விசாரணையின்போது இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன், அந்த ரப்பர்த் துண்டைக் கிடுக்கியால் அழுத்திப் பனிக்கட்டி நீரில் இட்டு, வெளியே எடுத்துக் காட்டினார். விடுவித்த பிறகும் அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. ஒரு குவளைப் பனிநீரில் உண்மை வெளிப்பட்டது.

கூடத்தால் முடியாதவை

சோதனைக்கூடம் எல்லாவற்றையும் செய்துவிடாது. கட்டிப்போட்ட விமானம் பறக்கும் விமானம் ஆகாது. ஆண்டுக்கணக்கில் வெயிலும் மழையும் மாறிமாறித் தாக்குவதை ஆறு மாதத்தில் முழுமையாகக் காட்ட இயலாது. ஆகவே கூடத்தில் தேறிய கருவிகளை அலாஸ்காவின் குளிர்ப் பகுதிக்கும், அரிஸோனாவின் யூமா பாலைவனத்துக்கும் கொண்டு சென்று மீண்டும் சோதிக்கிறார்கள். கூடத்தில் ஒரு காரணத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துப் பார்க்கலாம். வெளியில் எல்லாக் காரணங்களும் ஒன்றாகச் சேர்ந்து வரும். இரண்டும் தேவை.

போருக்கென எழுந்த இக்கூடம் இன்று பயணிகளுக்கும் பயன்படுகிறது. 2010இல் போயிங் 787, 2014இல் ஏர்பஸ் ஏ350 ஆகிய பயணி விமானங்கள் இங்கே குளிரிலும் வெப்பத்திலும் சோதிக்கப்பட்டன. பனி பொழியும் நகரில் ஓரிரவு நின்ற விமானம், காலையில் தடையின்றிக் கிளம்புவதற்குப் பின்னால் இத்தகைய உழைப்பு இருக்கிறது.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரு உயரமான கண்ணாடிக் குழாய்களில் விளக்கெண்ணெயை ஒரே உயரத்துக்கு நிரப்புங்கள். ஒன்றைப் பனிக்கட்டி நீரிலும், மற்றொன்றை வெதுவெதுப்பான நீரிலும் அரை மணி நேரம் வையுங்கள். சைக்கிள் சக்கரத்தில் உள்ள சிறிய எஃகுக் குண்டு ஒன்றை ஒவ்வொன்றிலும் இட்டு, அடியை அடைய எத்தனை வினாடிகள் ஆகின்றன என்று குறியுங்கள். அரை மணி நேரம் ஏன் காத்திருக்க வேண்டும் என்பதையும் சிந்தியுங்கள்.

வினாக்கள்

1. பாரன்ஹீட் அளவிலும் சென்டிகிரேடு அளவிலும் ஒரே எண்ணாக வரும் வெப்பநிலை எது? கணக்கிட்டுக் காண்க.

2. எஞ்சின் வினாடிக்கு 140 கிலோகிராம் காற்றை உறிஞ்சினால், கூடத்தின் காற்று எத்தனை நிமிடங்களில் தீரும்?

3. மின்னிறக்கம் அடைந்த பாட்டரியைக் குளிர்ப் பிரதேசத்தில் விட்டுவைக்கலாகாது. ஏன்?