உறுதி எப்போது வந்தது?

அன்புள்ள தம்பி,

உன் வகுப்பு நண்பனைப் போல அடித்துப் பேசுகிறவர்களுக்கு விஷயம் தெரியாது, தயங்குகிறவர்களுக்குத்தான் தெரியும் என்று எழுதி, சாட்சிக்கு, கொஞ்சம் தெரிந்ததும் உறுதி மலைபோல் ஏறிப் பிறகு சரிவதாகக் காட்டும் டன்னிங்–க்ரூகர் படத்தையும் ஒட்டியிருக்கிறாய். உளவியலாளர்களான அவ்விருவரும் 1999இல் எழுதிய கட்டுரையில் அந்த மலை இல்லவே இல்லை. தேர்வில் கடைசிக் கால் பங்கில் நின்ற மாணவர்கள், நூற்றில் 12 பேரை மட்டுமே முந்தியிருந்தும் 62 பேரை முந்தியதாக நினைத்தார்கள். அப்போதும் முதல் வரிசைக்காரர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட மதிப்பைவிட அது குறைவுதான். உன் தயக்கத்துக்கு அறிவாளிப் பட்டம் கட்ட அதில் ஒரு வரிகூடக் கிடையாது. படிக்காமல் படத்தை அனுப்பாதே.

பிறருடைய உறுதியை எடைபோட, அது எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். இதை எனக்குப் புரியவைத்தது 'பிக்கிங் காட்டன்' என்ற நூல். போன வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். 1984இல் வட கரோலினாவில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஜெனிஃபர் தாம்ப்சன், அந்த வேதனையிலும் குற்றவாளியின் முகத்தை மனத்தில் பதியவைத்துக்கொண்டார். போலீசார் காட்டிய படங்களில் ஒன்றை எடுக்க அவருக்குச் சில நிமிடங்கள் பிடித்தன. அடையாள அணிவகுப்பிலும் இருவருக்கிடையே தயங்கிய பிறகே ரொனால்ட் காட்டனைக் காட்டினார். படத்தில் எடுத்ததும் இவரைத்தான் என்று போலீசார் சொன்னார்கள். அத்தோடு தயக்கம் போயிற்று. நீதிமன்றத்தில் துளி சந்தேகமில்லாமல் காட்டனை நோக்கிக் கை நீட்டினார். 1987 மறுவிசாரணையில் உண்மைக் குற்றவாளி பாபி பூலை எதிரே கொண்டுவந்து நிறுத்தியபோதுகூட, இவரைப் பார்த்ததே இல்லை என்றார். 1995இல் டிஎன்ஏ சோதனை உண்மையைச் சொல்லும்வரை, பத்தாண்டுக்கு மேல் காட்டன் சிறையில் கிடந்தார்.

தாம்ப்சன் பொய் சொல்லவில்லை, இதைக் குறித்துக்கொள். பிறர் ஆமோதித்ததால் ஊறிய உறுதி, கண்ணால் கண்ட உறுதியாகவே அவருக்குத் தோன்றியது. 1998இல் கேரி வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் இதைச் சோதித்தார்கள். தவறான ஆளைக் காட்டியவர்களிடம் சரியாகச் சொன்னீர்கள் என்றதும், தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்ததாகப் பலர் சொன்னார்கள். நடுவர்கள் முன் வந்திருக்க வேண்டியது அந்த முதல் தயக்கம். அதில் ஞானம் எதுவும் இல்லை. நினைவு எவ்வளவு தாங்கும் என்பதற்கு அதுவே நல்ல சாட்சி.

முதல் உறுதிக்கும் மதிப்பு உண்டு. ஒழுங்காக நடத்திய அணிவகுப்பில், யாரும் தலையாட்டும் முன்பே சாட்சி திடமாகச் சொன்னால், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதனால் அமெரிக்காவில் இன்று பல ஊர்களில், சந்தேக நபர் யாரென்றே அறியாத அதிகாரி படங்களைக் காட்டுகிறார். சாட்சியின் உறுதியை அவருடைய சொற்களிலேயே அங்கேயே எழுதி வாங்குகிறார்கள்.

உன் வகுப்பு நண்பன் அடித்துப் பேசியது, ஆசிரியர் தலையாட்டுவதற்கு முன்பா, பின்பா? அதை எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்